எய்ட்ஸ் கால வரலாறும் நம் நினைவும் – ஒரு திறனாய்வு

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த அன்பர்களிடம் இந்தத் தலைப்பைச் சொன்னபோது, சாலைக் கடைத்தெருவில் நீண்ட காலமாகப் பலசரக்குக் கடை நடத்திவரும் அண்ணாச்சி ஒருவர் முகம் சுளித்தார். "தம்பி, மலர் வீட்டுக்குப் போறது. பொம்பளப் பிள்ளைய எல்லாம் படிக்கும். கம்பனைப் பத்தி எழுதுங்க, நாஞ்சில் நாட்டைப் பத்தி எழுதுங்க. இந்த எய்ட்ஸ் கதையெல்லாம் நமக்கு எதுக்கு?" என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. தமிழகத்துக்கு வெளியே வாழும் நாம் ஆண்டுக்கு ஒருமுறை மலர் போடுவது, மொழியையும் முன்னோர் பெருமையையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான். இருந்தாலும், பெருமையை மட்டும் காப்பது வரலாறு ஆகாது. நம் காலத்தில், நம் கண்ணெதிரே நடந்து முடிந்த ஒரு பெருந்துயரத்தை நாம் எப்படி நினைவில் வைத்திருக்கிறோம் என்று கேட்டுப் பார்ப்பதும் தமிழாய்வுதான். இக்கட்டுரை அண்ணாச்சியின் கேள்விக்கு நான் சொல்லும் பதில்.

எய்ட்ஸ் பற்றித் தமிழில் அச்சிட்டவையும் படமாக்கியவையும் ஏராளம். சுவரெழுத்து, துண்டறிக்கை, தெருக்கூத்து, திரைப்படம், தொலைக்காட்சி விளம்பரம் என்று பல வடிவங்களில் அவை வந்தன. ஆனால் அந்தக் கிருமியோடு வாழ்ந்தவர்கள், அவர்களுக்காகப் போராடியவர்கள், அவர்களைப் பராமரித்தவர்கள் தங்கள் வாயால் சொன்னவற்றுள் நம் மொழியில் பத்திரமாக வைக்கப்பட்டவை மிகக் குறைவு. அவர்களைப் பற்றிப் பிறர் சொன்னதைக் காத்துவிட்டு, அவர்கள் சொன்னதைக் கைவிட்டுவிட்டோம் என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்து. அதைச் சில சான்றுகளைக் கொண்டு காண்போம்.

சென்னையில் தொடங்கிய கதை

இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில், 1986-ஆம் ஆண்டில். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் ஆய்வுத் தலைப்பாக இதைக் கொடுத்தார். அப்போது எய்ட்ஸ் என்றாலே 'அது அமெரிக்காக்காரனுக்கு வர்ற நோய்' என்ற எண்ணம்தான் எங்கும். நிர்மலா மூன்று மாதங்களில் 80-க்கும் மேற்பட்ட பெண்களிடம் இரத்த மாதிரி எடுத்தார். அவர்கள் பாலியல் தொழிலில் இருந்ததாகப் பிடிக்கப்பட்டு அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்தவர்கள். கையுறை கிடையாது, பாதுகாப்புச் சாதனம் கிடையாது. பிரித்தெடுத்த சீரத்தை வைக்க வேறு இடமில்லாமல் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்தார். 1986 பிப்ரவரியில் அவற்றை எடுத்துக்கொண்டு இரவு ரயிலில் காட்பாடிக்குப் போய், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது ஆறு மாதிரிகள் நிறம் மாறின. மறுசோதனையில் முடிவு உறுதியானது. அந்த ஆண்டு மே மாதத்தில் அன்றைய சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் செய்தியை அறிவித்தார்.

இந்தக் கதை நல்ல கதை. ஓர் ஆசிரியையின் தொலைநோக்கும் ஒரு மாணவியின் உழைப்பும் சேர்ந்த கதை. சுனிதி சாலமன் பின்னர் 1993-இல் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கி, 2015-இல் மறையும்வரை பல்லாயிரம் பேருக்குத் துணையாக இருந்தார். 2017-இல் அவர் மறைவுக்குப் பின் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. மாணவி நிர்மலாவை உலகம் கண்டுகொள்ள ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. இதுவே நம் நினைவின் முதல் குறை.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. அந்த ஆறு பெண்கள் என்ன ஆனார்கள்? எதற்காக இரத்தம் எடுக்கிறார்கள் என்று அவர்களிடம் சொல்லப்படவில்லை. வேறு பால்வினை நோய்க்கான சோதனை என்றே அவர்கள் நினைத்தார்கள் என்று நிர்மலாவே பிற்காலத்தில் வெளிப்படையாகக் கூறியுள்ளார். அந்தக் காலத்து ஆய்வு முறை அப்படி. அவரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. மறைக்காமல் சொன்னதற்காக அவரைப் பாராட்டவே வேண்டும். ஆனால் இந்திய எய்ட்ஸ் வரலாற்றின் முதல் பக்கத்தில் இருக்கும் ஆறு பெண்களும் வெறும் எண்ணிக்கையாகவே நிற்கிறார்கள். முடிவு தெரிந்த அன்று அவர்கள் என்ன கேட்டார்கள், யாரிடம் அழுதார்கள் என்பது நம் வரலாற்றில் இல்லை.

புள்ளிராஜாவும் 'ஆட்கொல்லி'யும்

அடுத்து, பிரச்சாரத்தின் மொழியைப் பார்ப்போம். 1992-இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு தோன்றியது. 1994-இல் தமிழ்நாடு, இதற்கென்றே தனிச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்தது. மற்ற மாநிலங்கள் பின்பற்றிய முன்மாதிரி அது. இன்று தமிழகத்தில் தொற்று கட்டுக்குள் இருப்பதற்கு அந்த விரைவும் ஒரு காரணம். இதை மனமார ஒப்புக்கொண்டபின்தான் குறையைப் பேச வேண்டும்.

2003-இல் சென்னைக்குப் போனவர்களுக்கு நினைவிருக்கும்: "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று கேட்ட பெரிய பெரிய பலகைகள். மும்பையில் 'பல்பீர் பாஷா' என்ற பெயரில் நடந்த விளம்பர உத்தியின் தமிழ் வடிவம் அது. ஊரெல்லாம் அதே பேச்சு. உத்தி என்ற அளவில் அது பெரிய வெற்றி. வாய்விட்டுப் பேசக் கூச்சப்பட்ட ஒன்றைத் தேநீர்க் கடைப் பேச்சாக்கியது. ஆனால் புள்ளிராஜா யார்? ஊர்மேயும் ஆண். கேலிக்குரியவன். 'வருமா, வராதா' என்று எல்லாரும் வேடிக்கை பார்த்த மனிதன். அவனுக்கு வந்துவிட்டால் அப்புறம் என்ன செய்வது, அவன் மனைவி எங்கே போவாள், பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பார்களா என்று எந்தப் பலகையும் கேட்கவில்லை. அன்று பள்ளிக்கூடத்தில் 'புள்ளிராஜா' என்பது வசவுச் சொல்லாகவும் புழங்கியது.

செய்தித்தாள்கள் வழங்கிய சொல் 'ஆட்கொல்லி'. அந்தச் சொல் முதலில் புலிக்கு உரியது. ஆளைக் கொல்லும் புலி ஊருக்குள் வந்தால் என்ன செய்வோம்? விரட்டுவோம். நோய்க்கு வைத்த பெயர் நாளடைவில் நோயாளி மேல் ஒட்டிக்கொண்டது. அச்சத்தை ஊட்டி ஒழுக்கத்தை வளர்க்கலாம் என்று நினைத்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் நினைத்தார்கள். 'ஒருவனுக்கு ஒருத்தி' என்று சுவரில் எழுதினார்கள். ஆனால் கணவன் ஒருவனையே அறிந்து, அவன் மூலம் தொற்றுப் பெற்ற ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்களுக்கு அந்த வாசகம் என்ன சொன்னது? நாமக்கல்லைச் சேர்ந்த பி. கௌசல்யா அப்படிப்பட்டவர். தம் நிலையை மறைக்காமல் ஊரறியச் சொன்ன முதல் இந்தியப் பெண்களில் ஒருவர். 1998-இல் சென்னையில், எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கான கூட்டமைப்பைத் தோழியருடன் தொடங்கினார். புள்ளிராஜாவைத் தெரிந்த அளவுக்குக் கௌசல்யாவை நம் வீடுகளில் தெரியுமா? கற்பனை மனிதனின் பெயர் நிலைத்துவிட்டது. உண்மை மனுஷியின் பெயர் நிலைக்கவில்லை.

திரையில் கண்ட நோய்

நம் மக்கள் வரலாற்றைப் புத்தகத்தில் படிப்பதைவிடத் திரையில் பார்ப்பதே அதிகம். ஆகவே படங்களையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும்.

2007-இல் வந்த 'மிருகம்' தமிழில் இப்பொருளை நேரடியாகத் தொட்ட படம். சாமி இயக்கம், ஆதியும் பத்மப்பிரியாவும் நடித்தது. முரட்டுத்தனமாகத் திரிந்தவன் நோயில் விழுகிறான், ஊர் ஒதுக்குகிறது, அவனால் துன்பப்பட்ட மனைவியே பேணுகிறாள். பத்மப்பிரியாவின் நடிப்பில் பராமரிப்பின் களைப்பு தெரிகிறது. அது படத்தின் பலம். ஆனால் கதையின் கட்டமைப்பு பழைய 'வினை விதைத்தவன்' கட்டமைப்புதான். தலைப்பே நோயாளியை மிருகம் என்கிறது. பாவம் – தண்டனை என்ற கணக்குக்குள் நோயை அடைத்துவிட்டால், பாவம் ஏதும் செய்யாதவர்கள் வெளியே நிற்கிறார்கள். செய்தவனும் மனிதன் என்பதும் மறந்துபோகிறது.

இதற்கு மாற்றாக இருப்பது, அதே 2007-இல் நம் திருவனந்தபுரத்துக்காரரான சந்தோஷ் சிவன் எடுத்த 'பிராரம்பா' என்ற குறும்படம். எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காக நான்கு இயக்குநர்கள் எடுத்த நான்கு படங்களில் ஒன்று. மொழி கன்னடம், நாயகன் நம்ம பிரபுதேவா, சரோஜாதேவியும் உண்டு. அம்மாவைத் தேடும் ஒரு சிறுவனுக்கு லாரி ஓட்டுநர் ஒருவர் துணையாகிறார். தொற்று இருப்பதால் பள்ளியை விட்டு நீக்கப்பட்ட பிள்ளை அவன். அரசு அறிக்கைகளில் நோயைச் சுமந்து திரிபவராக வரும் லாரி ஓட்டுநர் இங்கே பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துப் போகிறவராக வருகிறார். ஒரு சின்ன மாற்றம்தான். ஆனால் ஒரு முழுத் தொழிலின் மேல் விழுந்த கறையை அது துடைக்கப் பார்க்கிறது.

மூன்றாவது, சுனிதி சாலமனைப் பற்றி 2017-இல் வெளிவந்த 'லவ்சிக்' என்ற ஆவணப்படம். ஆன் கிம், பிரியா கிரி தேசாய் ஆகிய இருவரும் பல ஆண்டுகள் சென்னைக்கு வந்து எடுத்தது. எச்.ஐ.வி. உள்ள ஆண்களுக்கும் பெண்களுக்கும் வரன் பார்த்துத் திருமணம் முடித்துவைத்த மருத்துவராக அவரை இப்படம் காட்டுகிறது. சாதகம், சாதி, சம்பளம் பார்க்கும் நம் சமூகத்தில் இரத்தப் பரிசோதனை அறிக்கையோடு ஒரு பெண் பார்க்கும் படலம்! சிரிப்பும் வருகிறது, கண்ணும் கலங்குகிறது. 1998-இல் உச்ச நீதிமன்றமே, இந்நோய் உள்ளவரின் திருமண உரிமை தற்காலிகமாக நிறுத்தப்படும் என்று கூறி, 2002-இல் அக்கருத்தை விலக்கிக்கொண்டது. அந்தப் பின்னணியில் பார்த்தால் இந்த வரன் தேடலும் ஓர் உரிமைப் போராட்டமே எனலாம். மூன்று படங்களில், நோயோடு வாழ்பவர்கள் தாங்களே பேசுவது இதில் மட்டுமே. அதை எடுத்தவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள். நம் வீட்டுக் கதையை நாம் எடுக்கவில்லை.

'புலம்பெயர்ந்தவன்' என்ற சொல்

இனி நம் சங்கத்துக்கு நேராக உறைக்கும் ஒன்று. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஆவணங்களில் 'பாலமாக இருக்கும் மக்கள்தொகை' என்றொரு பிரிவு உண்டு. நோய் அதிகமுள்ள குழுவிலிருந்து பொதுமக்களுக்கு அதைக் கடத்தக்கூடியவர்கள் என்று பொருள். அதில் இரண்டு பெயர்கள்: நெடுந்தூர லாரி ஓட்டுநர், குடும்பத்தை விட்டு வெளியூரில் வேலை பார்க்கும் ஆண். முன் சொன்ன நான்கு குறும்படங்களில் மீரா நாயர் எடுத்ததன் பெயரே 'மைக்ரேஷன்' – புலப்பெயர்வு.

நோய்ப் பரவலைக் கணக்கிடும் அறிவியலுக்கு இப்படிப்பட்ட பிரிவுகள் தேவைப்படலாம். மறுக்கவில்லை. ஆனால் கணக்குக்காக வகுத்த சொல் ஊர்வாயில் விழும்போது பழிச்சொல் ஆகிவிடுகிறது. திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களிலிருந்து இந்நகருக்குக் கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் வந்து, ஒரே அறையில் எட்டுப் பேர் தங்கி, மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இந்த மலரைப் படிப்பவர்களில் பலர். 'பாலம்' என்று பெயரிடப்பட்ட அந்த மனிதர்கள் உண்மையில் இரண்டு வீடுகளுக்கிடையே பாலமாக இருந்தவர்கள். அவர்களைப் பற்றி அரசு எழுதியது கோப்பில் இருக்கிறது. அவர்களின் தனிமை, பயம், சோதனைக்கூட வாசலில் ஊர்க்காரன் யாரும் பார்த்துவிடுவானோ என்ற தவிப்பு எங்கே இருக்கிறது?

தன் கதையைத் திரும்ப எழுதிய பெண்

அவர்களே எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்குக் கேரளமே ஒரு சான்று தருகிறது. நளினி ஜமீலாவின் தன்வரலாறு 2005-இல் மலையாளத்தில் வெளிவந்து பெரும் பரபரப்பை உண்டாக்கியது. எய்ட்ஸ் தடுப்புத் திட்டங்கள் பாலியல் தொழிலாளர்களை ஒன்றுகூட்டிய காலத்தில், அந்தப் பெண்களின் அமைப்புகளில் வளர்ந்து தலைமைக்கு வந்தவர் அவர். நூல் விற்றுத் தீர்ந்தது. எதிர்த்தவர்களும் ஏராளம். ஆனால் திறனாய்வாளர் கவனிக்க வேண்டியது அடுத்து நடந்ததை. முதல் பதிப்பு, இன்னொருவர் உதவியால் எழுதப்பட்டது. அது தம் குரலாக இல்லை என்று நளினி ஜமீலா கருதினார். அதே ஆண்டில் தம் கதையை மீண்டும் சொல்லி, திருத்திய வடிவத்தை வெளியிட்டார். இந்த இரண்டாம் வடிவத்தையே, நம் திருவனந்தபுரத்தில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜெ. தேவிகா 2007-இல் ஆங்கிலத்தில் தந்தார். குளச்சல் மு. யூசுப் வழியாக நளினி ஜமீலா தமிழுக்கும் வந்து சேர்ந்தார்.

அவர் சொல்வதையெல்லாம் ஏற்க வேண்டும் என்பதில்லை. எனக்கும் அவரோடு மாறுபாடுகள் உண்டு. ஆனால் 'என்னைப் பற்றி எழுதியது சரியில்லை, நான் மறுபடி சொல்கிறேன்' என்று எழுந்து நின்றாரே, அந்த உரிமைதான் வரலாற்றுப் பாதுகாப்பின் உயிர். ஒருவரின் கதையைப் பதிவு செய்வது மட்டும் போதாது. அதைத் திருத்தவும், வேண்டாமென்றால் திரும்பப் பெறவும் அவருக்கு வழி இருக்க வேண்டும்.

திருவனந்தபுரத்தின் பங்கு

நம் நகரத்துக்கும் இந்த வரலாற்றில் நேரடிப் பங்கு உண்டு என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பேரூர்க்கடையில் உள்ள இந்துஸ்தான் லேடெக்ஸ் – 2009 முதல் எச்.எல்.எல். லைஃப்கேர் – 1966-இல் நிறுவப்பட்டு, ஜப்பானிய ஒகமோட்டோ நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1969-இல் ஆணுறை உற்பத்தியைத் தொடங்கியது. குடும்பக் கட்டுப்பாட்டுக்காகத் தொடங்கிய அந்த உற்பத்தி, பின்னாளில் நாடு முழுவதும் எய்ட்ஸ் தடுப்புக்கு ஆயுதமாயிற்று. பூஜப்புரையில் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவு உருவாக்கிய இரத்தப் பை, 1980களின் பிற்பகுதியில் இந்நகரத் தொழிற்சாலையிலேயே தயாராகத் தொடங்கியது. கழுவிக் கழுவிப் பயன்படுத்திய கண்ணாடிப் புட்டிகளின் இடத்தை ஒருமுறை மட்டும் பயன்படும் பைகள் பிடித்தன. உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பை ஒட்டி, 1998 ஜனவரி 1 முதல் பணத்துக்கு இரத்தம் விற்பது நாடெங்கும் நின்றது. இவை மூன்றும் சேர்ந்து எத்தனை உயிர்களைக் காத்திருக்கும்!

போராட்டமும் இங்கே நடந்திருக்கிறது. 2003-இல், கொல்லம் மாவட்டத்தில் பெற்றோரை எய்ட்ஸுக்குப் பறிகொடுத்த இரண்டு குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கக் கூடாது என்று மற்றப் பெற்றோர் தடுத்தனர். முதியவரான தாத்தா, பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நம் தலைமைச் செயலகத்தின் முன் வந்து நியாயம் கேட்டார். பின்னர் அன்றைய மத்திய சுகாதார அமைச்சர் சுஷ்மா சுவராஜ் அக்குழந்தைகளைக் கட்டியணைத்த படம் நாடெங்கும் வெளிவந்தது. தொட்டால் ஒட்டாது என்பதை ஆயிரம் துண்டறிக்கைகள் சொல்லாத அளவுக்கு அந்த ஒரு படம் சொன்னது. ஆனால் அந்தப் படம் மட்டும் நினைவில் நின்று, செயலகத்து வாசலில் நின்ற தாத்தா மறைந்துபோனால், அமைச்சரின் கருணைதான் வரலாறு ஆகும். முதியவரின் போராட்டம் வரலாறு ஆகாது. எம்.ஜி. சாலையில் நாம் தினமும் கடந்துபோகும் அந்த வாசலில் இப்படியொன்று நடந்தது என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெயரும் மறைவும்

இங்கே ஓர் எதிர்க்கேள்வி எழும். 'மறைத்து வாழ விரும்பியவர்களை நீங்கள் ஏன் தோண்டி எடுக்கிறீர்கள்?' நியாயமான கேள்வி. மேலே அக்குழந்தைகளின் பெயரை நான் எழுதாததும் இதனால்தான்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு விடை கண்டார்கள். 1987 அக்டோபரில் வாஷிங்டன் நகரத்துத் திடலில், எய்ட்ஸால் இறந்தவர்களுக்காகத் தைத்த 1,920 துணிகளை விரித்து வைத்தார்கள். ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி. ஒரு கல்லறையின் அளவு. நம்ம வீட்டில் பழஞ்சேலையை ஒட்டுப்போட்டுத் தைக்கும் மெத்தை விரிப்பு மாதிரிதான். தாய், தோழன், காதலன் என்று வேண்டியவர்கள் தைத்தார்கள். சிலவற்றில் முழுப்பெயர்; சிலவற்றில் முதற்பெயர் மட்டும். எவ்வளவு சொல்வது என்பதைத் தைத்தவர்களே முடிவு செய்தார்கள். நியூயார்க்கில் 2002 முதல், மருந்துக்காகத் தெருவில் இறங்கிப் போராடியவர்களின் நேர்காணல்களை வரிசையாகப் பதிவு செய்து வைத்தார்கள்.

நம் நாட்டு நீதிமன்றமும் ஒரு வழி காட்டியது. 1997-இல் பம்பாய் உயர் நீதிமன்றம், தொற்று இருப்பதாகச் சொல்லி வேலை மறுக்கப்பட்ட ஒரு தற்காலிகத் தொழிலாளிக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. அவர் பெயர் எங்கும் வராமல் 'எம்.எக்ஸ்.' என்றே வழக்கை நடத்த அனுமதித்தது. ஆள் மறைந்திருக்கிறார், அவர் வென்ற நியாயம் மறையவில்லை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டமும் அடையாளத்தை மறைத்து வழக்காடும் வழியைத் தருகிறது. ஆக, பெயரை மறைப்பதும் வரலாற்றைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பதை உரியவர் தீர்மானிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவசரமும் இருக்கிறது. 2004 ஏப்ரலில் தாம்பரம் போன்ற அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து வந்தபின், இந்நோய் உடனே சாவைக் கொண்டுவரும் நோயாக இல்லாமல் போயிற்று. நாட்டில் இன்றும் சுமார் 25 லட்சம் பேர் தொற்றோடு வாழ்கிறார்கள். மருந்து சாப்பிட்டு வேலைக்குப் போகிறார்கள். நல்லது நடந்தால் மறதியும் சேர்ந்து வரும். மருந்தில்லாத அந்தக் காலத்தைக் கண்டவர்கள் மூப்படைந்துவிட்டார்கள். சுவரொட்டிகள் கிழிந்தன, சிறு அமைப்புகள் நிதி நின்றதும் பூட்டிக்கொண்டன, அவற்றின் தாள்கள் பழைய தாள் கடைக்குப் போகின்றன.

நாம் செய்யக்கூடியவை

கட்டுரையின் முதல் படியை அண்ணாச்சியிடமே வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்க கடையிலயும் ஒரு பையன் இருந்தான் தம்பி. ஊர்க்காரப் பையன்தான். மெலிஞ்சுகிட்டே வந்தான். ஆஸ்பத்திரியில சொன்ன உடனே கணக்கை முடிச்சு, கையில ரூபாயைக் கொடுத்து பஸ் ஏத்தி விட்டுட்டோம். அவன் தம்ளரைக்கூட தூக்கிப் போட்டோம். பெறவு யாரும் அவன் பேரைச் சொன்னதில்ல," என்றார். அவர் பெயரை எழுதக் கூடாது, அந்தப் பையன் ஊரையும் எழுதக் கூடாது, ஆனால் இதை எழுதலாம் என்று அவரே அனுமதி தந்தார்.

என் கட்டுரை கேட்பதும் இதைத்தான். நம் சங்கத்துக்கு மூன்று பணிகளைப் பணிவோடு முன்வைக்கிறேன்.

முதலாவது, வீட்டுப் பரணிலும் கடை அலமாரியிலும் கிடக்கும் பழைய துண்டறிக்கை, டிசம்பர் 1 எய்ட்ஸ் தின அழைப்பிதழ், சுவரொட்டி, தெருநாடகக் கையெழுத்துப் படி ஆகியவற்றைத் தூக்கி எறியாமல் சங்க நூலகத்தில் சேர்க்கலாம். தமிழும் மலையாளமும் கலந்து அச்சான தாள்கள் கிடைத்தால் இன்னும் சிறப்பு. மொழியாய்வுக்கும் அவை உதவும். பெங்களூர்த் தேசியச் சட்டப் பள்ளியில் இயங்கும் 'க்வாம்ரா' ஆவணக்காப்பகம், பாலினச் சிறுபான்மையினரின் போராட்டத் தாள்களையும் ஒளிப்பதிவுகளையும் இப்படித்தான் சேர்த்து வைத்திருக்கிறது.

இரண்டாவது, நம்மிடையே ஓய்வுபெற்ற செவிலியர், இரத்த வங்கி ஊழியர், சோதனைக்கூடப் பணியாளர், பேரூர்க்கடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், களப்பணி செய்தவர் பலர் இருப்பார்கள். அவர்கள் கண்டதைக் கேட்டுப் பதிவு செய்யலாம். கைப்பேசியே போதும்.

மூன்றாவது, தொற்றோடு வாழ்பவரோ அவர் குடும்பத்தாரோ பேச முன்வந்தால், சொந்தப் பெயரா மாற்றுப் பெயரா, எத்தனை ஆண்டு மூடி வைக்க வேண்டும், பின்னர் திருத்த வேண்டுமா என்பதையெல்லாம் அவர்கள் சொற்படியே எழுதி வைக்க வேண்டும். யாரையும் தேடிப்போய் வற்புறுத்தக் கூடாது.

அண்ணாச்சி பஸ் ஏற்றி அனுப்பிய அந்தப் பையன் இந்த மலரைப் படிக்கப் போவதில்லை. ஆனால் அவனைப் போன்றவர்களின் அக்கா, தம்பி, அண்ணன் மகள் படிப்பார்கள். வெளியில் சொல்லாமல் இத்தனை வருஷம் வைத்திருந்ததை அவர்கள் சொல்ல வந்தால், பொறுமையாக உட்கார்ந்து கேட்க நம் சங்கத்தில் ஒரு நாற்காலி இருக்கட்டும்.